உள்ளே பெயிண்ட் அடித்த புகையடுப்பு

தெருவுக்கே அவள் புகை அண்ணி. உண்மையில் சாப்பாட்டுக் கடைக்காரன் ஒருவனுக்குத்தான் அண்ணி. அவன் அவள் கொழுந்தன். புருஷன் லாரி ஓட்டுகிறான். கரண்ட் கட் கூட அவனைவிட ஒழுங்காக வரும். அதனால் கடையின் பின்முற்றத்தில் கறியைப் புகையில் வேகவைக்கிற வேலை அவளுக்குச் சோறும் ஆச்சு, பொழுதும் ஆச்சு.

அடுப்பு என்பது படுக்கப்போட்ட இரும்புப் பீப்பாய். ஒரு பக்கம் விறகுப் பெட்டி, மறுபக்கம் புகைபோக்கி. பற்றவைக்கும் முன் அடியில் உறைந்த கொழுப்பைச் சுரண்டுவாள். ஆறிய சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளுவாள். உள்சுவரில் வழவழவென்று படிந்த கறுப்பில் மட்டும் கை வைக்க மாட்டாள். துருவைத் தடுப்பதே அதுதான். ஒரு மழை நாளில் கொழுந்தன் அடுப்பைத் தகரக் கூரைக்குள் தள்ளிவிட்டான். மூடின இடத்தில் நெருப்பும் புகையும் ஆபத்து என்பது அவளுக்குத் தெரியும். அடுப்பை வெளியே இழுத்துப்போட்டு, கூரைக்கடியில் அவன் வண்டியை நிறுத்திவைத்தாள்.

போன வாரம் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியவள் அடுப்புக் கதவைத் திறந்தாள். உள்ளே பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட். அன்று மதியம் ஒரு கம்பெனி விருந்துக்குப் புகையில் வேகவைத்த கறி ஆர்டர். கம்பெனி மேனேஜர் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

"எப்படி அண்ணி? புது மாப்பிள்ள மாதிரி இல்ல?"

"மாப்பிள்ளைக்கு வயித்துக்குள்ளயா பவுடர் போடுவாங்க?"

"கரேல்னு கெடந்துச்சு. பாக்கறவங்க மூஞ்சிய சுளிப்பாங்கல்ல? ஒரு தடவ சூடு பண்ணா வாசம் போயிடும்."

"வாசம் போயிடும். பெயிண்டு எங்க போகும் தம்பி? கறியிலதான் எறங்கும். நான் பத்தவைக்க மாட்டேன்."

"அப்ப நாளையிலேர்ந்து இந்தப் பக்கமே வராதீங்க."

கொழுந்தன் பெண்டாட்டி வெங்காயம் உரிக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து நானும் மதில்மேல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே துண்டைத்தான், திரும்பத் திரும்ப.

கொழுந்தனே விறகை அடுக்கி மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கினான். அவன் ஊற்றுவதற்குள் அண்ணி தண்ணீர் விடும் ரப்பர் குழாயைத் திருப்பி விறகை நனைத்துவிட்டாள். அவன் சட்டையும் கொஞ்சம் நனைந்தது. சரி, நிறையவே நனைந்தது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார்.

"என்ன சார், அடுப்பக் கழுவுறீங்களா?"

"சின்ன வேலைங்க சார்," என்று கொழுந்தன் இளித்தான்.

"சின்ன வேலை இல்லீங்க," என்றாள் அண்ணி. "உள்ள பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கு. கறி வேணும்னா சமையல்கட்டுல வறுத்துத் தரோம். புகையில போட்டதுதான் வேணும்னா இன்னைக்கு எங்ககிட்ட இல்ல."

மேனேஜர் அடுப்புக்குள் எட்டிப் பார்த்தார், மூக்கைப் பொத்தினார், போய்விட்டார். வறுத்த கறியும் வேண்டாமாம்.

மறுநாள் காலை அண்ணி வந்தாள். கையில் வெல்டிங் கடையில் கேட்டு வாங்கிய, இரும்பு தேய்க்கிற கிரைண்டர்.

"வராதீங்கன்னு சொன்னேனே அண்ணி."

"சொன்னே. கேட்டுச்சு. மொதல்ல மூக்குக்கு மாஸ்க் போடு, கண்ணாடியும் போட்டுக்க. இரும்பு தெரியற வரைக்கும் தேய். அப்புறம் மறுபடி சொல்லு."

அவன் வாய்க்குள் என்னமோ முனகினான். மாஸ்க்கைத் தாண்டி ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளி உதிர்ந்து இரும்பு தெரிந்ததும் அவள் அடுப்பை நன்றாகத் துடைத்து, உள்ளே எண்ணெய் தடவி, வெறும் விறகை எரியவிட்டாள். வெள்ளை வெள்ளையாகப் புகை போனது. கொழுந்தன் கறித் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"இன்னைக்கு இல்ல. மொதல்ல உள்ள கறுப்பு மறுபடி படியட்டும்," என்று அவள் கதவைச் சாத்தினாள்.