வாங்காமல் விட்ட நீலப் படகு

ஐம்பத்தாறு வயதில், பாய்மரப் படகு வாங்கப் போகிறேன் என்று லிஃப்ட்காரர் சொன்னபோது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அவர் ஒன்றைச் சொன்னால் செய்துவிடுவார். முப்பத்தோரு வருடமாக உயரமான கட்டிடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அக்கம்பக்கத்தில் அதுவே அவர் பெயராகிவிட்டது. இரண்டு வருடம் ஞாயிறுதோறும் துறைமுகத்துக்குப் போய், அடுத்தவர் படகில் கயிறு இழுத்து, பாய் கட்டப் பழகியிருந்தார். இனி சொந்தப் படகு. புதியது கட்டுப்படியாகாது, பழையதுதான்.

முதலில் பார்த்தது ஒரு நீலப் படகு. விற்பவர் மருந்துக்கடைக்காரர், வாய் நிறையச் சிரிப்பவர். புதுப் பெயிண்டில் படகு பளபளத்தது. சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா சார், குழந்தை மாதிரி வச்சிருக்கேன்."

லிஃப்ட்காரர் நேராகப் பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளிடம் போனார். கம்பி அவருடைய ராஜ்யம். பஞ்சுத் துண்டு ஒன்றை எடுத்து, கை எட்டும் உயரத்திலிருந்து ஒவ்வொன்றையும் உருவினார். ஒரு இழை அறுந்திருந்தாலும் பஞ்சு அதில் மாட்டிக்கொள்ளும். எங்கும் மாட்டவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, "கம்பி பிரமாதம்" என்றபடி, கூட வந்திருந்த மனைவியைத் தேடிப் படகின் உள்ளறைக்குள் இறங்கினார்.

மனைவி சலவைக்கடை நடத்துபவர். படுக்கைக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் தலையை விட்டிருந்தார்.

"உறை புதுசுங்க. உள்ள ஸ்பாஞ்சு பழசு. ஊறிக் காஞ்ச வாசனை அடிக்குது. இங்க பாருங்க, சுத்திலும் ஒரே மட்டத்துல பழுப்புக் கோடு. இது வரைக்கும் தண்ணி நின்னிருக்கு."

"மழைத் தண்ணிம்மா," என்றார் மருந்துக்கடைக்காரர். "ஒரு தடவை ஜன்னலை மூட மறந்துட்டேன். சீக்கிரம் முடிவு பண்ணுங்க, நாளைக்கு இன்னொருத்தர் வர்றாரு."

லிஃப்ட்காரருக்கு மனைவிமேல் எரிச்சல். மனசு ஏற்கெனவே அந்தப் படகில் ஏறிப் பாதிக் கடல் போயிருந்தது. ஆனால் அந்தக் கடைசி வார்த்தை அவரை நிறுத்தியது. அவசரப்படுத்துகிற கட்டிட முதலாளிகளை அவர் நிறையப் பார்த்தவர்.

"வரட்டும் சார். சோதிக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல. சர்வேயரைக் கூட்டிட்டு வர்றேன். தண்ணியிலேர்ந்து தூக்கிப் பாக்கணும்."

சர்வேயர் நாற்பது வயதுப் பெண். படகுகளைச் சோதித்து அறிக்கை தருவது அவர் தொழில். குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே லிஃப்ட்காரரோடு வந்து நின்றார். மருந்துக்கடைக்காரர் அரக்கப் பரக்க ஓடிவந்தார். சர்வேயர் முதல் வேலையாக இன்ஜின்மேல் கை வைத்தார். சில்லென்று இருந்தது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

இன்ஜின் ஒன்பது தடவை இருமிவிட்டு, பத்தாவது தடவை வெள்ளைப் புகையோடு ஓடியது.

"அன்னைக்கு நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வச்சிருப்பாங்க," என்றார் லிஃப்ட்காரரிடம், தணிந்த குரலில்.

பிறகு சின்ன பிளாஸ்டிக் சுத்தியலால் மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். டக், டக். பாய்மரத்தின் அடியை நெருங்கியதும் சத்தம் தொப், தொப் என்று மாறியது. சுத்தியலை லிஃப்ட்காரரிடம் நீட்டினார். அவரே தட்டிப் பார்த்தார். தொப். இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே இருந்த மரம் தண்ணீர் குடித்து இற்றுப்போயிருந்தது.

"கம்பி எவ்வளவு நல்லாயிருந்தாலும், பாய்மரம் நிக்கிற இடம் இதுதானே சார்."

கிரேன் படகைத் தூக்கியது. படகைக் கவிழாமல் வைக்கும் கனத்த இரும்பு, அடியில் துடுப்புப் போல இறங்கியிருந்தது. அது உடலோடு சேரும் இடத்தில் மட்டும் பெயிண்ட் தடித்திருந்தது. மருந்துக்கடைக்காரரைக் கேட்டுவிட்டுச் சர்வேயர் சுரண்டினார். நகம் நுழையும் அளவுக்கு விரிசல். எப்போதோ பாறையில் மோதிய படகு. மருந்துக்கடைக்காரர் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

லிஃப்ட்காரரின் முகம் சுண்டிவிட்டது. "எனக்குத் தெரிஞ்சதையே ஒரு மணி நேரம் பாத்துட்டு நின்னுட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் சார். தச்சர் வந்தா மரத்தைத் தடவுவாரு, எலக்ட்ரீஷியன் வந்தா ஒயரைப் பாப்பாரு. நல்லவேளை, உங்க வீட்ல அவங்க பெட்டிக்குள்ள தலையை விட்டாங்க."

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். "நீ சொன்னப்ப எனக்குக் கோபம்தான் வந்துச்சு."

"தெரியும். மூக்கு நுனி சிவந்துச்சே."

அதன்பிறகு எட்டு மாதத்தில் ஏழு படகுகள் பார்த்தார்கள். இன்ஜின், கம்பி எல்லாம் அவர் பொறுப்பு. பெட்டி, ஈரம், வாசனை மனைவியின் பொறுப்பு. வெயிலில் எல்லாப் படகும் நல்லதாகத்தான் தெரியும் என்று மழை நாளாகப் பார்த்துப் போனார்கள். ஒன்றில் பதிவுப் பத்திரத்தில் இருந்த பெயரும் விற்பவர் பெயரும் வேறு வேறு. ஏறாமலே திரும்பிவிட்டார்கள்.

ஒன்பதாவது படகு பாசி நிறத்தில், பார்க்கவே சகிக்காமல் இருந்தது. முழங்கால் வலியால் கடலை விட்ட ஒரு நீச்சல் ஆசிரியையுடையது. வந்தவுடனே கையால் எழுதிய ஒரு காகிதத்தை நீட்டினார்: ஜன்னல் ஒழுகும். பெரிய பாய் கிழிந்து தைத்தது. தண்ணீர் இறைக்கும் பம்பை நம்ப வேண்டாம்.

சர்வேயர் இரண்டு மணி நேரம் தட்டினார். முழுக்க டக், டக். காகிதத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தார்.

"கம்பி எல்லாம் இருபது வருஷப் பழசு. மொத்தமா மாத்தணும்."

லிஃப்ட்காரர் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார். "அதை என்கிட்ட விடுங்க."

வாங்கிய கையோடு மூன்று வாரம் விடுப்பு எடுத்து, ஒவ்வொரு கம்பியையும் தன் கையாலேயே மாற்றினார். கடலுக்குப் போன முதல் நாள், துறைமுகத்தைத் தாண்டியதும் இன்ஜினை நிறுத்திப் பாயை ஏற்றினார். காற்று பக்கவாட்டில் பிடித்தது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்து வேகம் எடுத்தது. மனைவி இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, இது இப்படித்தான் சாயுமா, இல்ல நாம ஏதாவது பாக்காம விட்டுட்டோமா?"

"இப்படித்தான் சாயும்," என்றார் அவர், சுக்கானிலிருந்து கையை எடுக்காமல்.