நின்ற காலடி

செய்தவனே இல்லாமல் போய்விட்டால் மன்னிப்பை யார் கையில் கொடுப்பது? கனமான புத்தகங்கள் எழுதியவர்கள் பலர் இந்தக் கேள்வியைச் சுற்றி வந்து, கதவைத் தட்டாமலே திரும்பியிருக்கிறார்கள். இந்தக் கதைக்கு உரியவள் புத்தகம் படிக்கிறவள் அல்ல. அவளுக்கு நடப்பதுதான் தொழில்.

தொலைக்காட்சித் தொடர்களில் நாம் கேட்கும் காலடிச் சத்தம் பெரும்பாலும் படப்பிடிப்பில் பதிவானதல்ல. பிறகு ஒரு மூடிய அறையில், திரையைப் பார்த்தபடி, வேறு யாரோ நடந்து சேர்ப்பது. அந்த வேறு யாரோதான் அவள். ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோருக்கும் 'காலடி அக்கா'. அவளைவிட மூத்த சவுண்ட் இன்ஜினியர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அறையின் தரையில் சதுரம் சதுரமாகச் சிமெண்ட், மரப்பலகை, சரளைக்கல், இரும்புத் தகடு. சுவரோரம் பழைய செருப்புகளும் ஷூக்களும் மலையாகக் கிடக்கும். ஒரு காலைப்பொழுதில் மாசமான பெண்ணாகப் படியேறி, திருடனாகச் சுவர் தாண்டி, நீதிபதியாக வெளியே போவாள்.

தெருவில் அவள் நொண்டுவாள். இடது முழங்கால் முழுதாக மடங்காது. ஆனால் அறைக்குள் வந்து இன்னொருவரின் ஷூவை மாட்டிவிட்டால் நொண்டல் கேட்காது. வலிக்கவில்லையா என்று கேட்டால், "வலிக்கறது என் காலு, நடக்கறது அவங்க காலு" என்பாள்.

மாடிப்படிகளில் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. இறங்கும்போது யாரையும் தனக்குப் பின்னால் வரவிடமாட்டாள். சுவரோடு ஒட்டி ஒதுங்கி, "நீங்க முன்னாடி போங்க" என்பாள். முழங்காலுக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். உண்மைக் காரணம் அவள் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.

காரணம் தம்பி. கூடப்பிறந்தது அவன் ஒருவன்தான். குடித்திருந்த ஒரு நாள் மோட்டார் சைக்கிள் சாவியைக் கேட்டான். அவள் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு வீட்டு மாடிப்படியில் இறங்கினாள். பின்னாலிருந்து தள்ளினான். கீழே கிடந்தவளுக்கு வலி வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. காதுதான் முதலில் விழித்தது. குதிகாலில் அடித்த இரும்பு லாடம் தளர்ந்த அவனுடைய ஷூ படியிறங்கி வந்தது. பக்கத்தில் வந்தது. அவளைத் தாண்டியது. போயே போய்விட்டது. நடையின் தாளம் ஓரிடத்தில்கூடக் குறையவில்லை. தள்ளியதைப் போதை என்று அவள் ஒதுக்கியிருப்பாள். நிற்காமல் போன அந்தக் கால்களை ஒதுக்க முடியவில்லை.

பிறகு வீட்டிலேயே பிடிபட்டு, அதற்காகச் சிறைக்குப் போனான். அவன் தங்கியிருந்த அறையில் கிடந்த சாமான்களை வீட்டுக்காரர் மூட்டை கட்டித் தூக்கிப் போட்டார். ஷூவை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள். "லாடம் நல்லா பேசுது, வேலைக்கு ஆகும்" என்று சொல்லி, உள்ளே துணி அடைத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனாள்.

வெளியே வந்த தம்பி ரொட்டிக் கடையில் மாவு பிசையும் வேலையில் சேர்ந்தான். குடியை விட்டான். பேரையும் மாற்றிக்கொண்டான். ஒரு மதியம் கூடத்துக்கு எதிரிலிருந்த டீக்கடையில் அவளுக்காகக் காத்திருந்தான். மெலிந்திருந்தான், நகக்கண்ணில் மாவு. அக்கா வீட்டுக்கு வந்துபோக வேண்டும், அதற்கு அவள் மன்னிக்க வேண்டும் என்றான்.

"நான் இப்ப வேற ஆளுக்கா. அதைச் செஞ்சவன் செத்துட்டான்."

சிறையில் சீர்திருத்த வகுப்பில் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது. அவன் அதை நம்பித்தான் சொன்னான். அவளும் பொறுமையாகத்தான் கேட்டாள்.

"செத்துட்டானா? அப்ப யாரை மன்னிக்கச் சொல்ற? ரொட்டி போடற உன்மேல எனக்கு என்ன கோபம்? எனக்குப் பதில் சொல்ல வேண்டியவன் அவன். அவனை வரச் சொல்லு."

டீ ஆறிப்போனது. அவன் போய்விட்டான்.

வீட்டுக்காரர் குழாய் வேலை செய்பவர். எதையும் திருகிப் பார்க்காமல் நம்பமாட்டார். "பேரை மாத்தினா ஆளு மாறிடுமா? நாளைக்கு நானும் பேரை மாத்திக்கறேன். நம்ம கல்யாணம் செல்லாதா?"

"அந்த அதிர்ஷ்டம் எனக்கு ஏது" என்றாள். சிரித்துவிட்டு, அன்று சாப்பிடாமல் எழுந்துபோனாள். தம்பியை அவள் வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் வேலை சுலபம். அவனைத் திரும்பப் பெற வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. ஆனால் அவனுக்குப் பதிலாக இன்னொருவனை வாங்கிக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

அந்தச் சமயம் கூடத்துக்கு ஒரு விண்வெளித் தொடர் வந்திருந்தது. பிரமாதம் என்று சொல்வதற்கில்லை; விண்கலத்தின் கதவை வேகமாகச் சாத்தினால் சுவரும் சேர்ந்து ஆடும். ஆனால் அதில் யோசிக்கத்தக்க ஒரு தண்டனை இருந்தது. பயணிகள் இருந்த அறையின் காற்றை அடைத்துக் கொன்ற ஒருவன் பிடிபடுகிறான். நீதிமன்றம் அவனைக் கொல்லவில்லை. நினைவை முழுதாக அழித்து, வேறு பெயர் கொடுத்து, தூரத்துக் கிரகம் ஒன்றில் அநாதைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிடுகிறது. தான் யாரென்று அவனுக்கே தெரியாது. நல்லவனாக இருக்கிறான். இறந்தவர்களில் ஒருத்தியின் சகோதரி அங்கே வந்துசேர்கிறாள்.

கொலைகாரனுக்கு முதல் பகுதியிலிருந்தே காலடி அக்கா தம்பியின் ஷூவைப் போட்டுத்தான் நடந்தாள். நினைவு அழிந்த பிறகு இயக்குநர் கேன்வாஸ் ஷூ கேட்டார். புது மனிதன், புதுச் சத்தம். நியாயமான யோசனைதான். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"மூளையைத்தானே சார் அழிச்சாங்க? காலு அதேதானே?"

"லாடச் சத்தம் கேட்டா பழைய வில்லன் ஞாபகம் வந்துடும்மா."

"வரட்டுமே சார். அது வராம அவனை நல்லவன்னா, அதுல என்ன இருக்கு?"

பார்க்கிறவர்கள் யாரும் கவனிக்கப்போவதில்லை, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று சவுண்ட் இன்ஜினியர் கொட்டாவி விட்டார். ஷூ மாறவில்லை. அவள் நடையை மட்டும் மாற்றினாள்: அதே லாடம், தூங்கும் குழந்தைகளை எழுப்பக்கூடாதே என்பதுபோல மெதுவாக.

முக்கியமான காட்சி ஒன்று வந்தது. சகோதரி தன் அறைக்குள் தரையில் உட்கார்ந்து அழுகிறாள். திரையில் அவள் முகம் மட்டும். வெளியே தாழ்வாரத்தில் அவன் நடந்து போகிறான். ஆள் தெரியாது, சத்தம்தான். கடந்து போக வேண்டும் என்றுதான் இயக்குநர் எழுதியிருந்தார். காலடி அக்கா இரும்புத் தகட்டின்மேல் எழுதியபடியே நடந்துகொடுத்தாள். சரி என்றார்கள். இன்னொரு தடவை எடுக்கலாமா என்று அவளே கேட்டாள்.

இரண்டாவது தடவை லாடம் வந்தது. கதவருகே வந்தது. நின்றது. ஒரு கால் லேசாகத் திரும்பும் உரசல். அப்புறம் சத்தமே இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் அதை மறுபடி ஓடவிட்டுக் கேட்டார். இதையே வைத்துக்கொள்ளலாம் என்றார். அவள் ஷூவைக் கழற்றி, முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

அந்தப் பகுதி ஒளிபரப்பான மறுநாள் காலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தவர் வீட்டுக்காரர்.

"யாரு வந்திருக்கறது? பழைய ஆளா, புது ஆளா?"

"பழைய ஆளுதான் மாமா" என்றான் தம்பி.

வீட்டுக்காரர் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. வழிவிட்டார்.

உள்ளே வந்தவன் நாற்காலியில் உட்காரவில்லை. ரொட்டிக் கடையில் எல்லோரும் சேர்ந்து அந்தத் தொடரைப் பார்ப்பார்களாம். லாடச் சத்தத்தை முதல் வாரமே அடையாளம் கண்டுகொண்டானாம். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள். நேற்று அந்தக் காட்சியில் கடையை விட்டு வெளியே போய்விட்டான்.

"அவன் நின்னான்க்கா. நான் நிக்கலை."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ கிடந்ததைப் பார்த்தேன். கண்ணு திறந்திருந்துச்சு. நின்னா என்ன செஞ்சேன்னு எனக்குத் தெரிஞ்சிடும். அதான் நிக்காம போனேன். செத்துட்டான்னு சொன்னது பொய்க்கா. நான்தான்."

வீட்டுக்காரர் சமையலறைப் பக்கம் திரும்பி, குழாயை இல்லாத ஒழுக்குக்காகத் திருகிக்கொண்டிருந்தார். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொன்னதாகப் பிற்பாடு யாரும் சொல்லவும் இல்லை. அவன் இருந்த இடத்திலேயே நின்றான். அவனும் கேட்கவில்லை.

"பால் இல்லை" என்றாள் கடைசியில். "டீ போடணும்னா கடைக்குப் போகணும்."

நான் வாங்கி வருகிறேன் என்று வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படிக்கட்டின் மேல்படியில் நின்றாள். தம்பியும் வெளியே வந்தான். அதே படிகள், கைப்பிடிக்கு மட்டும் புது வண்ணம். அவன் தயங்கி, அவளைச் சுற்றி முன்னால் இறங்கப் பார்த்தான். அவள் கையை நீட்டி மறித்தாள்.

"நீ பின்னாடி வா."

கைப்பிடியைப் பிடித்து, மடங்காத காலை முதலில் வைத்து, கூடத்தில் யாரும் கேட்டிராத தன் சொந்த நொண்டல் நடையில் இறங்கினாள். பின்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இறங்கியது. அவள் நின்ற படிகளில் அதுவும் நின்றது. கதவருகே நின்று வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று பிறகு ஒருமுறை கேட்டுப் பார்த்தார். அவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பொங்கப்போகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள்.