டெல்லி வண்டியும் சென்னை வண்டியும்

பெட்ரோல் விலை ஏறிய செய்தி வந்தால் எங்கள் பெரியப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். பேசுவதற்கு அவருக்கு இரண்டு கையும் வேண்டும். எதிர் நாற்காலியில் என் தாய்மாமாவும் இருந்துவிட்டால் போச்சு. அந்தக் காப்பி ஆறி, ஆடை கட்டி, கடைசியில் செம்பருத்திச் செடிக்குத்தான் போகும்.

பெரியப்பாவைப் பொறுத்தவரை விலை ஏறுவதற்கு முழுக் காரணம் டெல்லி. மாமாவுக்கு முழுக் காரணம் சென்னை. அந்த வரி, இந்த வரி, கச்சா எண்ணெய், டாலர் என்று இருவரும் மூச்சு விடாமல் பேசுவார்கள். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்துச் சண்டைக்கு மரியாதை வேறு அதிகம். “நீங்க பேசறது சுத்தப் பைத்தியக்காரத்தனமுங்க மச்சான்” என்பார் மாமா. “உங்குளுக்கு மண்டைல ஒண்ணுமே இல்லீங்க மாப்ள, ஏனுங்க இப்படி இருக்கறீங்க?” என்பார் பெரியப்பா. தூரத்திலிருந்து கேட்கிற வெளியூர்க்காரர்கள் ஏதோ சம்பந்தம் பேசி முடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எனக்கும் ஆத்திரம் உண்டு. துடியலூரிலிருந்து பீளமேட்டுக்குத் தினமும் ஸ்கூட்டரில் போய், ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவள் நான். பங்கில் மீட்டர் ஓடும்போது என் நெஞ்சும் கூடவே ஓடும். ஆனால் யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை. அதனால் பொதுவாகத் திட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவேன். இந்தப் பொதுவான குணம்தான் என்னை ஒருநாள் நடுரோட்டில் நிறுத்தியது.

அது என் தம்பியின் கல்யாணத்துக்கு முதல் நாள்.

தம்பி சொந்தமாகப் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கிறான். நல்ல உழைப்பாளி, குடி கிடையாது, கோபம் கிடையாது. பெண்ணும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இப்போது பட்டறைக்காரனுக்கும் தோட்டக்காரனுக்கும் பெண் தேடுவது மலையைக் கெல்லுகிற வேலை. அவனோடு நான் ஏறி இறங்காத வீடு இல்லை. போன இடமெல்லாம் கேசரி, போன இடமெல்லாம் “கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க.” அவனுக்கு முன்நெற்றி ஏறியதும் எனக்கு இடுப்பு பெருத்ததும்தான் மிச்சம். கடைசியில் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கும் பெண், இவனைப் பார்த்த உடனேயே சரி என்று சொல்லிவிட்டாள். அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் நான் சத்தமாகப் பாடிக்கொண்டே போனேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் கல்யாணங்களில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று செய்வார்கள். மாப்பிள்ளையும் அவன் கூடப்பிறந்தவளும் சேர்ந்து நின்று, மணப்பெண் உடுத்தப்போகும் கூறைச்சேலையின் ஒரு முனையை அவனும் மறுமுனையை அவளும் பிடித்துக்கொள்ள வேண்டும். புதிதாக ஒருத்தி வந்தாலும் உன் இடம் உனக்குத்தான் என்று ஊரறியச் சொல்வது அது. சொந்த அக்கா வரமுடியாவிட்டால் பெரியப்பா மகளை நிறுத்திக்கொள்ளலாம், சடங்கு நிற்காது. சடங்கு நிற்காது என்பதுதான் என் பயமே. அத்தனை கேசரியும் தின்றது நான். அந்த முனையை வேறு யாராவது பிடித்தால் என்னால் தாங்க முடியாது. சடங்கை நடத்தி வைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்போம். சாயங்காலம் ஆறு மணிக்குள் இணைச்சீர் முடிந்தாக வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தம்பியும் அம்மாவும் என் வீட்டுக்காரரும் காலையிலேயே ஈரோட்டு மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். கொண்டை போட்டுக்கொள்ளப் பார்லரில் உட்கார்ந்திருந்ததால் நான் இரண்டாவது கூட்டத்தோடு மாட்டிக்கொண்டேன். மிச்சமிருந்த சொந்தபந்தத்துக்கு நியாயமாக ஐந்து கார் வேண்டும்.

“பெட்ரோல் விக்கற வெலைக்கு அஞ்சு காருங்களா? ரெண்டே வண்டி. மடிமேல மடி உக்காந்துக்கலாமுங்க” என்றார் பெரியப்பா. அபூர்வமாக மாமாவும் தலையாட்டினார். அப்படியே திணித்துக்கொண்டு கிளம்பினோம். யார் கால் யாருடையது என்று தெரியாத பயணம். என் காலென்று நினைத்து நான் சொறிந்தது பெரியம்மாவின் கால்.

ஈரோட்டை நெருங்கும்போது ஒரு பங்க் இருக்கிறது. அங்கே நம்மூரைவிடச் சில பைசா குறைவு என்பது பெரியப்பாவின் நம்பிக்கை. அந்தப் பைசாவுக்காகக் கோயமுத்தூரில் போடாமல், முள் அடியில் கிடக்க, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தோம். விலைப் பலகையைப் பார்த்தால் சில பைசா அதிகம். அவ்வளவுதான், இரண்டு காரில் இருந்தவர்களும் இறங்கிவிட்டார்கள். எல்லோரும் பலகைக்குக் கீழே நின்று பேச ஆரம்பித்தார்கள். நான் பங்குக்குப் பின்னால் இருந்த கழிப்பறைக்குப் போனேன். பட்டுச்சேலையோடு பங்க் கழிப்பறைக்குள் போய்ச் சேதாரமில்லாமல் வெளியே வருவதற்குத் தனியாக ஒரு சீர் செய்யலாம். அவ்வளவு நேரமாகிவிட்டது.

அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதைப் பிறகு ஆளாளுக்குச் சொன்னதிலிருந்து கோத்துக்கொண்டேன். சண்டை முற்றிப் பெரியப்பா கையை ஓங்கி, “டெல்லிதான் காரணம்னு ஒத்துக்கறவீங்க மட்டும் என்ற வண்டீல ஏறுங்க. மத்தவீங்க மூச்சுக்காத்துகூட எனக்கு வேண்டாமுங்க” என்று சொல்லியிருக்கிறார்.

“ரொம்ப நல்லதாப் போச்சுங்க. நம்மாளுங்கெல்லாம் இங்க வாங்க” என்றிருக்கிறார் மாமா.

பெட்ரோல் போட்டு முடிந்ததும் சொந்தம் மொத்தமும் கொள்கைப்படி மாறி ஏறியிருக்கிறது. பெரியம்மாவே சென்னை வண்டியில் ஏறிக்கொண்டாராம். கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை, அந்த வண்டியில் ஏசி நன்றாக இருந்தது என்று பிறகு என்னிடம் ரகசியமாகச் சொன்னார். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. அதனால் எந்த வண்டியிலும் இல்லை. டெல்லி வண்டிக்காரர்கள் நான் சென்னை வண்டியில் இருப்பதாக நினைத்தார்கள். சென்னை வண்டிக்காரர்கள் நான் டெல்லி வண்டியில் இருப்பதாக நினைத்தார்கள். இரண்டும் போய்விட்டன.

நான் கொசுவத்தை நீவிக்கொண்டே வெளியே வந்தபோது பெட்ரோல் போடும் பெண் மட்டும் நின்றிருந்தாள்.

“ஏனுங்க்கா, உங்குளுது அந்த ரெண்டு காருங்களா? போயிருச்சுங்களே!” என்றாள்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவளும் சிரித்தாள். பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து அடிக்கப் போகிறது. என் கைப்பையும் போனும் காருக்குள். அவள் உடனே தன் போனை எடுத்துக் கொடுத்தாள். என் வீட்டுக்காரர் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அது தேவைப்பட்டதே இல்லை. நினைவில் இருந்த ஒரே நம்பர் என் தம்பியுடையது. போட்டேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

“டேய் சாமி, நாந்தேன், இங்க...” என்று ஆரம்பித்தேன்.

“பொண்ணு கெடச்சிருச்சுங்க! நாளைக்குக் கண்ணாலமுங்க! இனிமேல் கூப்பிடாதீங்க, நல்லா இருங்க!” என்று கத்திவிட்டு வைத்துவிட்டான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. இத்தனை காலம் பணம் வாங்கிக்கொண்டு பெண் காட்டாத கல்யாணத் தகவல் மையங்களெல்லாம், நிச்சயம் ஆன பிறகு புதுப்புது நம்பரிலிருந்து அவனை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி அவனுக்கு ருசி கண்டுவிட்டது. மறுபடி போட்டால் மணியே போகவில்லை, என்னை பிளாக் செய்துவிட்டான்.

பஸ் பிடிக்கலாம் என்று ரோட்டுக்கு ஓடினேன். பஸ்ஸே இல்லை. “பெட்ரோல் வெலையக் கண்டிச்சு ஊர்வலம் வருதுங்க்கா, எல்லா வண்டியும் பின்னாடி நிக்குது” என்றாள் பங்க் பெண். அவள் சொல்லி வாய் மூடவில்லை, வளைவில் ஜல்ஜல் என்று இரண்டு மாட்டுவண்டிகள் வந்தன. முதல் வண்டியில் ஒரு ஸ்கூட்டரைப் படுக்க வைத்து மாலை போட்டிருந்தார்கள். அதைச் சுற்றி நாலைந்து ஆண்கள் மாரில் அடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அசப்பில் அது என் ஸ்கூட்டர் மாதிரியே இருந்ததால் ஒரு கணம் எனக்கும் கண் கலங்கியது.

கையை விரித்துக்கொண்டு குறுக்கே போய் நின்றேன். முன்னால் வெள்ளைச் சட்டையில் நடந்து வந்த தலைவரிடம் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த ரெண்டு பேருல யாருங்க சரியாச் சொல்றது?” என்றார்.

“எனக்குத் தெரியலீங்கண்ணா.”

“செரி, ஏறுங்க அம்மணி.”

அவர்கள் எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை. கேட்டு, பதில் சொல்லி, மறுபடி இறக்கிவிடப்பட எனக்குத் தெம்பில்லை.

மாலை போட்ட ஸ்கூட்டருக்குப் பக்கத்தில், அரக்குப் பட்டும் கொண்டைப்பூவுமாக நான் உட்கார்ந்தேன். மாடுகள் அசைந்து அசைந்து நடந்தன. “கொஞ்சம் வெரசாப் போகாதுங்களா?” என்று வண்டிக்காரரிடம் கேட்டேன். “போராட்டமுங்க. மெதுவாத்தான் போகோணும்” என்றார். அதற்குள் மைக்கோடு ஒரு உள்ளூர் சேனல் பையன் தொற்றி ஏறினான். ஒப்பாரிக்கு நடுவே பட்டுச்சேலையைப் பார்த்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

“அம்மா, இந்த வெலை உயர்வுக்கெல்லாம் யாருங்க காரணம்?”

எனக்கிருந்த எரிச்சலில் வாய் முந்திக்கொண்டது. “எங்க பெரியப்பாவும் எங்க மாமனுந்தானுங்க! அவீங்க ரெண்டு பேரும் வாய மூடுனா நாட்டுல எல்லாம் செரியாப் போயிரும்!”

கூட்டம் விசிலடித்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் எல்லோருக்கும் பிடித்திருந்தது. எதிரே ஒரு கடையில் கடிகாரம் தெரிந்தது. நான் அதைப் பார்ப்பதைத் தலைவர் பார்த்தார். பிறகு தானும் வண்டியில் ஏறிக்கொண்டு, “அட, போராட்டத்த நாளைக்குக்கூடப் பண்ணிக்கலாமுங்க. முடுக்குங்க வண்டிய!” என்றார். வண்டிக்காரருக்கும் அதே ஆசை இருந்திருக்க வேண்டும். ‘ஹை’ என்று ஒரு குரல் கொடுத்தார். மாடுகள் பிடித்த ஓட்டத்தில் ஒப்பாரிக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள், ஸ்கூட்டர் என் மடிமேல் சாய்ந்தது, அதன் மாலை என் கழுத்தில் விழுந்தது. பின்னால் கொடியோடு ஓடி வந்தவர்கள் “கொறைச்சிடு... கொறைச்சிடு...” என்று மூச்சிரைக்கக் கத்தினார்கள். அவர்களுக்குப் பின்னால் பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர்களும் ஓடினார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பயமும் அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே நானும் “கொறைச்சிடு” என்று கத்தினேன்.

மண்டப வாசலில், தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளைக் கோலத்தில், என் தம்பி நடுரோட்டில் நின்றிருந்தான்.

உள்ளே என்னைக் காணாமல் தேடியிருக்கிறார்கள். அருமைக்காரர் அவசரப்படுத்த, பெரியப்பா மகளிடம் சேலை முனையைக் கொடுத்தும்விட்டார்கள். அக்கா வராமல் நான் நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தம்பி தேடி வெளியே வந்திருக்கிறான். அவன் பின்னால் வந்த சொந்தக்காரர்கள் கையில் போன், போனில் என் பேட்டி. பெரியப்பாவும் மாமாவும் அதைப் பார்த்துவிட்டிருந்தார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் சும்மா இருந்தார்களா?

“பின்னால வந்த வண்டிக்காரரு பாத்து ஏத்தியிருக்கோணுமுங்க” என்றார் பெரியப்பா.

“மொதல்ல கெளம்புனவீங்க எண்ணியிருக்கோணுமுங்க மச்சான்” என்றார் மாமா.

“நான் காத்தாலயே வந்துட்டேனுங்க” என்று என் வீட்டுக்காரர் கையை விரித்தார். கடைசியில், கழிப்பறையைப் பங்குக்குப் பின்னால் கட்டியவன்தான் முழுக் காரணம் என்று மாமா கண்டுபிடித்தார். அதில் மட்டும் பெரியப்பாவுக்கும் சம்மதம்.

தம்பி வண்டிக்குப் பக்கத்தில் வந்து, நான் இறங்கக் கையைக் கொடுத்தான். கல்யாணத்துக்காகக்கூட அவன் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை.

“போன்ல உங்க கொரலுங்களாக்கா அது? கேக்கறதுக்கு முந்தியே வெச்சுப்போட்டேன். என்ற தப்புங்க்கா” என்றான்.

பெட்ரோல் விலையைப் பற்றி எங்கள் வீட்டில் பேச ஆரம்பித்த காலத்திலிருந்து எத்தனையோ பேர் தப்பைக் கேட்டிருக்கிறேன். தப்பு தன்னுடையது, ‘என்ற தப்பு’, என்று ஒருவர் சொல்லி அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். பார்லர் மையெல்லாம் வழிய அழுதுவிட்டேன். “உட்றா, கண்ணாலக்காரன் தப்பு சொல்லக் கூடாது” என்று அவன் முதுகில் ஒன்று வைத்தேன்.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் மேடை ஏறினோம். ஸ்கூட்டர் மாலையை அருமைக்காரர்தான் என் கழுத்திலிருந்து கழற்றினார். பெரியப்பா மகள் சேலை முனையை என் கையில் வைத்து, விட்டது சனி என்பதுபோல் கீழே ஓடினாள். ஊர்வலத் தலைவர் முதல் வரிசையில் பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து விசாரணையை ஆரம்பித்திருந்தார். மூன்று பேரின் கைகளும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

மேளச் சத்தத்தில் தம்பி என் பக்கம் திரும்பவில்லை, திரும்பக் கூடாது. தன் கையிலிருந்த சேலை முனையை மட்டும் லேசாக ஒரு இழுப்பு இழுத்தான். நான் இருக்கிறேனா என்று பார்க்கிறான்.

நானும் இழுத்தேன்.