வழிமொழிந்தவள்

எங்கள் ஊர் நகரமன்றத்தில் ஆர்டிஸ் ஹௌடலா பதினாறு வருடம் இரண்டாம் வார்டு கவுன்சிலராக இருந்தாள். போன நவம்பர் தேர்தலில் தோற்றாள். அதற்கெல்லாம் முன்னால் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். ஊரில் இருபத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில் இருக்கிற அத்தனை பேரும் அவளை இன்றும் மிஸ் ஆர்டிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் ஆளைப் பார்த்ததுமே எந்த நிறுத்தத்தில் ஏறிய பிள்ளை என்று சொல்லிவிடுவாள். நான் நகரமன்றத்தின் எழுத்தர். கூட்டத்துக்கு அஜெண்டா தயாரிப்பதும், பேசியதைக் குறிப்பாக எழுதி வைப்பதும் என் வேலை. அதனால் அவளைப் பற்றி ஊருக்குத் தெரியாத ஒன்றிரண்டு விஷயம் எனக்குத் தெரியும்.

மற்ற கவுன்சிலர்கள் மக்களைச் சந்திக்கிறேன் என்று நூலகத்தில் அறை கேட்பார்கள், இருபது நாற்காலி போடச் சொல்வார்கள், காபி ஆறும்வரை தனியாக உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். ஆர்டிஸ் சனிக்கிழமை காலையில் காசு போட்டுத் துணி துவைக்கும் கடைக்குப் போய்விடுவாள். "மெஷின் சுத்தி முடியற வரைக்கும் எவனும் எங்கயும் ஓட முடியாது வின்னி. துணி உள்ள மாட்டிக்கிட்டிருக்குல்ல" என்பாள் என்னிடம். ஏலக்காய் மணக்கும் நீசு ரொட்டியை வீட்டிலிருந்தே நறுக்கி எடுத்துப்போவாள். ரொட்டி தின்ற வாய் குறையையும் சொல்லும். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது எல்லாம் அவள் நோட்டில் ஏறும். திங்கட்கிழமை எட்டு மணிக்கு அந்த நோட்டு என் மேஜையில் வந்து விழும்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. கூட்டம் என்றால் பொறுமை கிடையாது. செவ்வாய்க்கிழமை அவள் வீட்டுக்காரர் பின்கட்டில் சானாவுக்கு, அதாவது ஆவிக்குளியல் அறைக்கு, விறகு மூட்டி வைப்பார். ஆவி சூடாக இருக்கும்போதே போய் உட்கார வேண்டும் அவளுக்கு. எங்கள் மாதக் கூட்டமும் ஒரு செவ்வாய்க்கிழமைதான்.

இங்கே எங்கள் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். விவாதம் தேவைப்படாது என்று தோன்றுகிற விஷயங்களை நான் ஒரே பட்டியலாகக் கட்டி வைப்பேன். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், ஐந்து கையும் மேலே போகும், பத்துப் பதினைந்து காரியம் ஒரே மூச்சில் முடிந்துவிடும். யாராவது "இதை மட்டும் தனியா எடுங்க" என்று சொன்னால் போதும், அது தனி விவாதத்துக்கு வந்துவிடும். ஆனால் யாரும் சொல்வதில்லை. சொன்னால் மற்ற நாலு பேரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். முன்மொழிந்தவர் வாயை மூடுவதற்குள் ஆர்டிஸின் குரல் வந்துவிடும்: "வழிமொழிகிறேன்."

அவள் தோற்பதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த நவம்பர் பட்டியலில் பதினொரு விஷயம் இருந்தது. ஏழாவது, 'குளிர்காலச் சாலைப் பராமரிப்பு: வகைப்பாட்டுத் திருத்தம்'. தலைப்பு நான் வைத்ததுதான். படித்தாலே கொட்டாவி வரும். அதற்குள்ளே இருந்தது இவ்வளவுதான்: மேட்டின் மேலே ஒன்பது வீடு இருக்கிற பெல்கி சந்து முதல் வகையிலிருந்து மூன்றாம் வகைக்குப் போகிறது. இரவு எவ்வளவு பனி விழுந்தாலும் பனி தள்ளும் லாரி இனிமேல் மதியம் பன்னிரண்டுக்குப் பிறகுதான் அங்கே ஏறும்.

பிப்ரவரியில் ஒரு நாள் விடிவதற்குள் இடுப்பளவு பனி. காலை ஆறு மணிக்கு பெல்கி சந்தின் கடைசி வீட்டில் ரே போட்ரிக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் சந்தின் அடியிலேயே புதைந்து நின்றது. ஏரியில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் சாமான் இழுக்கிற சறுக்குப் பலகையில் ரேயைப் படுக்கவைத்து அக்கம்பக்கத்தார் கீழே இழுத்து வந்தார்கள். அவன் மனைவி லோர்னா பக்கத்தில் முட்டிவரை புதைந்து புதைந்து நடந்து வந்தாள். பாதி வழியிலேயே போய்விட்டான்.

ஊர் உடனே ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. அந்த மேட்டுக்கு லாரி ஓட்டுகிறவன் டேல் பெர்ட்டு. தூங்கிவிட்டான் என்றார்கள். முதல் நாள் குடித்திருந்தான் என்று மறுநாள் சேர்த்துக்கொண்டார்கள். யாரோ அவன் லாரியின் மூக்கில் ஒரு அலாரம் கடிகாரத்தைக் கம்பியால் கட்டிவிட்டுப் போனார்கள். சாலைப் பிரிவுத் தலைவர் வாயைத் திறக்கவில்லை. வழக்கு வரலாம், யாரும் எதுவும் பேசக்கூடாது என்று நகரமன்ற வக்கீல் சொல்லியிருந்தார். கவுன்சிலர்கள் ஐந்து பேருக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. எனக்கும்தான். ஏப்ரலில் டேல் வேலையை விட்டுவிட்டு முப்பது மைல் தள்ளிக் காட்டுக்குள் ஒரு மரக்குடிசைக்குப் போய்விட்டான்.

ரேயை அடக்கம் செய்த மறுநாள் ஆர்டிஸ் என் அறைக்கு வந்து நவம்பர் கூட்டத்தின் ஒலிப்பதிவைப் போடச் சொன்னாள். போட்டேன். முன்மொழிவிலிருந்து கை தூக்குவதுவரை பத்தொன்பது வினாடி. இன்னொரு தரம் போடச் சொன்னாள். மூன்றாவது தரம் நான் நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் பழைய ஆர்டிஸ் இல்லை. அஜெண்டாவில் கமாவைக்கூட விடாமல் படித்தாள். கூட்டங்கள் இழுத்தன, மேயர் முகம் சுளித்தார். ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "பாத்திரம் கழுவுறப்போ கேக்குது வின்னி. காருக்குள்ள கேக்குது. 'வழிமொழிகிறேன்'னு என் குரல்தான். அதுல என்ன கொடுமைன்னா, அந்தக் குரல் சந்தோஷமா இருக்கு."

மார்ச்சிலிருந்து லோர்னா ஒவ்வொரு கூட்டத்துக்கும் வர ஆரம்பித்தாள். மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. ஈரப் பூட்ஸோடு வந்து உட்காருவாள். பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் உண்டு, அதற்குச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் சீட்டை எடுத்ததே இல்லை. மேடையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், கூட்டம் முடிந்ததும் எழுந்து போய்விடுவாள். அதே மார்ச் கூட்டத்தில்தான் பெல்கி சந்தை மறுபடியும் முதல் வகைக்கே மாற்றினார்கள். அதையும் நான் மொத்தப் பட்டியலில்தான் வைத்தேன். இந்தத் தடவை வழிமொழிந்தது வேறொருவர். ஆர்டிஸ் மேஜையைப் பார்த்துக் குனிந்தே இருந்தாள்.

வீடு வீடாகக் கதவு தட்டப் போவதை அவள் விடவில்லை. பெல்கி சந்திலும் தட்டினாள். எட்டாவது வீட்டோடு திரும்பிவிடுவாள்.

மறு ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, துணி துவைக்கும் கடையிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். ரொட்டிப் பாத்திரம் அப்படியே நிறைந்திருந்தது.

"கோடி கிம்பல் இருக்கான்ல, வாட்டர் டேங்க் நிறுத்தத்துல ஏறுவானே. டிரையர்லேர்ந்து போர்வைய எடுத்துக்கிட்டே சொல்றான், 'மிஸ் ஆர்டிஸ், டேல் காட்டுல இன்னும் எந்திரிக்கலையாம், கரடியே வந்து எழுப்பிப் பாத்துச்சாம்'னு. கடையே சிரிச்சுது."

"விடு, அவன் வாய் அப்படித்தான்."

"நானும் சிரிச்சேன் வின்னி."

"பழக்கத்துல சிரிச்சிருப்ப."

"பழக்கத்துலதானே வழிமொழிஞ்சேன்." கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "டேலு அஞ்சு வயசுல என் பஸ்ல ஏறினவன். மழைன்னாலும் இறங்குறப்போ திரும்பி நன்றி சொல்லிட்டுத்தான் போவான். அவனைப் பத்தி நான் சிரிச்சேன்."

"வக்கீல் என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு. அலாரம் கடிகாரத்தை வக்கீல் வண்டியிலயா கட்டினாங்க?"

"நவம்பர்ல எலெக்ஷன் வருது ஆர்டிஸ்."

"வரட்டுமே. எனக்குப் பஸ் ஓட்டத் தெரியும். ஒரு சீட்டு குடு."

என்ன சீட்டு என்று கேட்டேன். பொதுமக்கள் பேசுகிற சீட்டு என்றாள். பட்டியலைக் கட்டியது என் கைதான் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை.

பிப்ரவரிக் கூட்டத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டதும் தன் இடத்திலிருந்து எழுந்து, மேடையை விட்டு இறங்கி, கீழே இருந்த மைக்குக்கு வந்தாள். மேயர் பதறிப்போனார். "ஆர்டிஸ், உங்க இடத்துலேர்ந்தே பேசலாமே."

"இல்ல மேயர். இங்கேர்ந்துதான் சொல்லணும்." எல்லோரையும் போலப் பெயரும் விலாசமும் சொன்னாள். பிறகு ஏழாவது விஷயத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தாள். "இதை நான் படிக்கல. படிக்காமயே வழிமொழிஞ்சேன். டேல் பெர்ட்டு தூங்கல. மத்தியானம் வரைக்கும் அந்தச் சந்துக்குப் போகாதேன்னு நாங்க அஞ்சு பேரும்தான் அவனுக்குச் சொல்லி வச்சிருந்தோம். அவன் மேல பழி விழுந்தப்போ ஒரு வருஷமா வாய மூடிக்கிட்டிருந்தோம். லோர்னா, உன் வீட்டுக் கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரல."

லோர்னா எழுந்தாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். கத்தட்டும், வருஷம் முழுக்க அதற்காகத்தானே வந்தாள் என்றும் நினைத்தேன்.

"மஞ்ச அட்டை ஒண்ணு தபால்ல வந்துச்சு" என்றாள். குரல் என் மேஜைவரை எட்டுவதே சிரமமாக இருந்தது. "நவம்பர்ல. சந்துல இருக்கிற எல்லாருக்கும் அனுப்பியிருந்தாங்க. ஏதோ விளம்பரம்னு பூட்ஸுக்கு அடியில போட்டேன், தண்ணி வடியட்டும்னு. ரே போனப்புறம்தான் எடுத்து, லாரி இனிமே மத்தியானம்தான் வரும்னு இருந்ததைப் படிச்சேன். அப்பவே ஒரு போன் பண்ணிச் சண்டை போட்டிருந்தா மாத்தியிருப்பீங்க. 'அட்டை அனுப்பினோமே'ன்னு உங்கள்ல யாராவது சொல்லிடுவீங்களோன்னுதான் மாசாமாசம் வந்து உக்காந்தேன். டேலைத் திட்டினப்போ நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

மணி அடிக்க வேண்டியது நான். மூன்று நிமிடம் எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை ஆர்டிஸ் துணி துவைக்கும் கடைக்குப் போகவில்லை. லோர்னாவையும் சேர்த்து மூன்று பேரும் என் காரில் டேலின் குடிசைக்குப் போனோம். பாதை முழுக்கப் பனி. எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று சொல்லி நான் உள்ளேயே இருந்துகொண்டு கண்ணாடியை மட்டும் இறக்கினேன். டேல் கதவைத் திறந்து வாசலில் நின்றான். இளைத்திருந்தான். ஆர்டிஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"தெரியும் மிஸ் ஆர்டிஸ்" என்றான். "நவம்பர்லயே அந்தத் திருத்தத்தை லாரி கராஜ் சுவத்துல ஒட்டியிருந்தாங்க. நான் படிச்சேன். தப்பா இருக்கேன்னு தோணுச்சு. டிசம்பர் பூரா ஷிஃப்டுக்கு முன்னாடி அஞ்சு மணிக்கே போய்ச் சந்துல பனியைத் தள்ளி விட்டேன். லாரி அதிக மைலு ஓடியிருக்குன்னு ஜனவரில எச்சரிக்கை குடுத்தாங்க. நிறுத்திட்டேன்."

லோர்னா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்போ ஏம்ப்பா இதை யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

"நான் சொன்னா சாக்கு சொல்றான்னுவாங்க. எழுதினவங்க, ஓட்டுப் போட்டவங்க யாராவது சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ரே செத்த வாரம் பூரா போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். குளிக்கக்கூடப் போகல." பாதையைக் கை காட்டினான். "கீழ போறப்போ இடது பக்கமா போங்க. வலது பக்கம் பள்ளம் இருக்கு."

கதவைச் சாத்திக்கொண்டான். எழுதினவங்க என்று அவன் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. நான் காரிலிருந்து இறங்கவில்லை.