அப்பா எந்த இடத்தில் செத்தார்?

முதல் தடவை ட்ரயலில் ஃபெயிலாகி வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓட்டுநர் பரீட்சையை எங்கள் பக்கத்தில் ட்ரயல் என்றுதான் சொல்வோம். எழுத்துப் பரீட்சையில் பாஸாகியிருந்தேன். அதற்குப் பிறகு ஒரு மைதானத்தில், ஓர் ஆபீசரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாகனத்தை ஓட்டிக் காட்ட வேண்டும். அதில்தான் போய்விட்டது.

இது எனக்கு ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே. எங்கள் தோட்டம் கொட்டகலைக்கு மேலே இருக்கிறது. மலையில் பறித்த தேயிலைக் கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுபோகும் சின்ன லொறியில் எனக்கு வேலை. ஓட்டுகிற வேலை இல்லை, மூட்டை தூக்குகிற வேலை. தூக்கித் தூக்கி என் ஒரு பக்கத் தோள் தாழ்ந்தே போய்விட்டது. டிரைவர் அண்ணன் தீபாவளியோடு வேலையை விட்டுவிட்டுக் கொழும்புப் பக்கம் மகன் வீட்டுக்குப் போகப்போகிறார் என்று தெரிந்ததும் நான் ஆபீசுக்குப் போய், தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டேன். "தீபாவளிக்குள்ள லைசன்ஸக் கொண்டாந்து காட்டு, நீயே ஓட்டு. இல்லாட்டி நான் வெளிய ஆள் பாக்கணும்" என்றார். அவ்வளவுதான். அந்த ஸ்டியரிங் எனக்கு வருமா, வேறு யாருக்கோ போகுமா என்பது அந்த ட்ரயலில் இருந்தது.

எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்தாள்.

"என்னாங்க ஆச்சு?"

"அந்த ஆபீசருக்கு என் மூஞ்சி புடிக்கல."

பக்கத்து வீட்டுக் காம்பரா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "கழுவிட்டுப் போயிருக்கலாம்ல தம்பி."

என் மகள் உள்ளே சுவரில் சாய்ந்து என்னுடைய போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு குட்டி மனிதன் ஓடுவான், பள்ளத்தைத் தாண்டுவான், முள்ளுக்கு மேலே குதிப்பான். அவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"எந்த எடத்துல செத்தீங்கப்பா?"

"அடியே, அப்பாவப் பாத்து என்னா பேச்சு பேசுற" என்று அவள் அம்மா கையை ஓங்கிவிட்டாள். எனக்கும் ஒரு நிமிடம் சுருக்கென்றது. பிறகுதான் விளங்கியது. அந்தக் கேமில் தோற்றுப்போவதற்குச் சாவது என்று பெயர்.

"எடமெல்லாம் இல்ல. அவருக்கு மூஞ்சி புடிக்கல, அதான்."

"மூஞ்சி புடிக்காம யாரும் சாக மாட்டாங்கப்பா. எங்கயாச்சும் ஒரு எடம் இருக்கும்."

"எனக்குத் தெரியாது."

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தெரியாமயா வந்தீங்க?"

அவள் கேட்ட விதம் எனக்குக் கொஞ்சம் கோபமூட்டியது. ஆனாலும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விளையாடுவதைப் பார்த்தேன். போனை எடுத்தாலே சத்தம் போடுகிறவன் நான்; அதுவரை அதற்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்ததில்லை. அந்தக் குட்டி மனிதன் முள்ளில் விழுந்தான். "மூணாவது முள்ளு" என்றாள். திரும்ப முதலிலிருந்து ஓடினான். மறுபடி விழுந்தான். "சீக்கிரமா குதிச்சிட்டேன்" என்றாள். அழவில்லை. போனைத் தூக்கிப் போடவில்லை. போனுக்கு என் மூஞ்சி பிடிக்கவில்லை என்று சொல்லவும் இல்லை. விழுந்த இடத்தை ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டு மறுபடி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அந்த முள்ளைத் தாண்டியும் விட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மகளும் அவள் தம்பியும் சேர்ந்து வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டார்கள். என் கையில் சோற்றுத் தட்டைக் கொடுத்தார்கள். அதுதான் ஸ்டியரிங். சின்னவன் என் மழைக்கோட்டை மாட்டி, காதில் பென்சில் செருகி, பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்தான். அவன் ஆபீசர்.

"அன்னைக்கு என்னென்ன செஞ்சீங்களோ அப்படியே செய்ங்க" என்றாள் மகள். "ஒண்ணையும் விடக் கூடாது."

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பலகையில் இருந்த ஆபீசர் நிஜ ஆபீசரைவிடக் கடுமையாக உட்கார்ந்திருந்தார். தட்டைத் திருப்பினேன். வாயால் இன்ஜின் சத்தம் கொடுத்தேன். முதல் வளைவு வந்தது. ஹாரன் அடித்தேன். இரண்டாவது வளைவிலும் அடித்தேன்.

"அப்பா, நில்லுங்க. அங்க வளைவுல எதுக்கு ஹாரன்?"

"எதுக்கால வண்டி வந்தா?"

"அது மைதானம்தானே? எதுக்கால வர்றது தெரியாதா?"

யோசித்துப் பார்த்தேன். அது தட்டையான மைதானம். கயிறு கட்டி வளைவு போட்டிருந்தார்கள். இந்தக் கோடியிலிருந்து பார்த்தால் அந்தக் கோடி தெரியும். ஆனால் நான் பழகியதெல்லாம் தோட்டத்து ரோட்டில், டிரைவர் அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எங்கள் ரோட்டில் வளைவு என்றால் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். ஹாரன் அடிக்காமல் யாரும் திரும்ப மாட்டார்கள். என் கை அதற்குப் பழகிப்போயிருந்தது. ட்ரயலில் ஒவ்வொரு வளைவிலும் அந்த ஆபீசரின் காதுக்குள்ளேயே அடித்திருக்கிறேன்.

"சரி, அப்புறம்?"

"அப்புறம் நிறுத்தச் சொன்னாரு."

"நிறுத்துங்க" என்றான் சின்னவன், குரலைத் தடித்துக்கொண்டு.

நிறுத்தினேன். தட்டைக் கீழே வைத்தேன். எழுந்தேன்.

"எங்க போறீங்க?"

"கல்லுக்கு."

"என்னா கல்லு?"

"டயருக்கு அடியில வைக்க."

உள்ளே கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்த என் மனைவி கத்தியோடு வாசலுக்கு வந்தாள். "ஏங்க, ஆபீசர வண்டிக்குள்ள உக்கார வச்சிட்டு நீங்க எறங்கிக் கல்லுத் தேடப் போனீங்களா?"

"கொஹெத யன்னேன்னு கேட்டாரு. எங்க போறன்னு. கல் தேடப் போறேன் சேர்னு சிங்களத்துல பதில் சொன்னேன். அவர் ஏதோ எழுதினாரு. நான் எவ்வளவு கவனமான ஆளுன்னு எழுதுறாருன்னுதான் நெனச்சேன்."

பக்கத்து வீட்டு அக்கா காயப்போட்ட துணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் மனைவி படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது. எங்கள் லொறியை எங்கே நிறுத்தினாலும் இறங்கி டயருக்குக் கல் வைப்பது என்னுடைய வேலை. வைக்காவிட்டால் லொறி கொழுந்தோடு உருண்டு தேயிலைச் செடிக்குள் போய்விடும். அத்தனை வருஷப் பழக்கம் அது. தட்டையான இடத்தில் வாகனம் தானாக நிற்கும் என்பது என் மூளைக்குத் தெரிந்திருந்தும் காலுக்குத் தெரியவில்லை.

"ரெண்டு எடம்" என்றாள் மகள். "ஹாரனு ஒண்ணு, கல்லு ஒண்ணு." பெரிய கஷ்டம் ஒன்று தீர்ந்துபோனது போல அவள் முகம் இருந்தது. உண்மையில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. நேற்றுவரை நான் ஒன்றுக்கும் உதவாதவன். இன்றைக்கு எனக்குத் திருத்த வேண்டியது இரண்டே விஷயம். என் மூஞ்சியை மாற்ற முடியாது. கையையும் காலையும் பழக்கலாம்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கும் முற்றத்தில் பழகினேன். எங்கள் தோட்டத்தில் தட்டையான இடம் என்றால் அது ஒன்றுதான். டிரைவர் அண்ணன் பக்கத்தில் உட்காருவார், பிள்ளைகள் ஓரத்து மதிலில் உட்காருவார்கள். கேமில் இருப்பது போலவே மகள் ஸ்டேஜ் பிரித்துக் கொடுத்தாள். முதல் ஸ்டேஜ்: நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது. வேறொன்றும் இல்லை.

கேட்க லேசாகத்தான் இருக்கும். டிரைவர் அண்ணன் "நிறுத்து" என்பார். நிறுத்துவேன். என் கை கதவுக்குப் போய்விடும்.

"டேய் தம்பி, உக்காருடா. கல்லு எங்கயும் ஓடிப் போகாது."

"எனக்கு இது போதும்ணே. பின்னால எடுக்குறதப் பழகுவோம்."

மதிலிலிருந்து மகள் சொல்வாள்: "அது இன்னும் பூட்டியிருக்குப்பா. இத முடிச்சாத்தான் தொறக்கும்."

எனக்கு எப்போதுமே கடைசிப் படியில் ஏறி நிற்கத்தான் ஆசை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் எல்லாரும் "டிரைவரய்யா" என்று கூப்பிடுவதைக்கூட நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கதவுக்குப் போகிற கையை அடக்குவது மட்டும்தான் மிச்சம். ஆனால் கேமில் அப்படி இல்லை. எட்டாவது ஸ்டேஜை நினைத்துக்கொண்டு இரண்டாவதில் ஓடினால் பள்ளத்தில்தான் விழுவான். அதனால் அந்தக் கிழமை முழுக்க உட்கார்ந்திருக்க மட்டும் பழகினேன். இதையும் ஒரு பயிற்சி என்று ஒரு மனிதன் செய்வானா என்று தோன்றும். நான் செய்தேன்.

இரண்டாம் தடவை போனேன். வேறொரு ஆபீசர். வளைவில் ஹாரன் அடிக்கவில்லை. நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. அந்தச் சந்தோஷத்திலேயே பின்னால் எடுத்து, இடது பக்கத்தில் நட்டிருந்த கம்பத்தைச் சாய்த்துவிட்டேன்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் யாரும் கேட்பதற்கு முன்னாலே சொன்னேன். "பின்னால எடுக்குற எடம். எடது பக்கக் கம்பம். கண்ணாடியப் பாக்கல."

சின்னவன் கை தட்டினான். "அப்பா புது எடத்துல செத்துட்டாரு."

"என்னா குடும்பமோ இது" என்றாள் என் மனைவி. "ஃபெயிலாகிட்டு வந்த மனுஷனுக்குக் கை தட்டுதுங்க."

ஆனால் தீபாவளிக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு தடவைதான் போக முடியும். அதிலும் போனால் வெளியாள்தான். அது எல்லாருக்கும் தெரியும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஓர் அக்கா, "லைசன்ஸ எங்க தம்பி, மூட்டைக்குள்ள போட்டுக் கட்டிட்டியா?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே மூட்டையைத் தூக்கினேன். உள்ளுக்குள் பயம்தான்.

காலிச் சாக்கைக் குச்சியில் சுற்றி முற்றத்தில் நட்டோம். முதலில் நேராகப் பின்னால் எடுப்பது மட்டும். பிறகு கண்ணாடியை மட்டும் பார்த்து எடுப்பது. அதற்குப் பிறகுதான் திருப்புவது. ஒரு சாயங்காலம் எவ்வளவு முயன்றும் அதே குச்சியைத்தான் இடித்தேன். கோபத்தில் கியரை முறுக்கினேன். மகள் மதிலிலிருந்து இறங்கி வந்தாள்.

"ஒங்களுக்கு சார்ஜ் எறங்கிருச்சுப்பா. போன் மாதிரிதான். இதுக்கு மேல வேல செய்யாது. நாளைக்கு வாங்க."

மறுநாள் காலையில் மூட்டை ஏற்றப் போவதற்கு முன்னால் ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். குச்சியைத் தொடாமல் உள்ளே போனது. ராத்திரி தூங்கினபோது கை தானாகப் பாடம் படித்துவிட்டதோ என்னவோ. இதை நான் அவள் கேமிலும் பார்த்திருக்கிறேன். முதல் நாள் முடியாத இடத்தை மறுநாள் சும்மா தாண்டிவிடுவாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், பிள்ளைகளே, இல்லாவிட்டால் நான் அப்பனாக இருந்து பிரயோசனமில்லை. கேமில் செத்தால் திரும்ப ஓடலாம். ரோட்டில் அப்படி ஒரு பொத்தான் இல்லை. அதனால்தான் சாக வேண்டியதையெல்லாம் அந்த முற்றத்திலேயே, குச்சியிலேயே செத்து முடித்தேன். இன்னொன்று, கேமில் எங்கே போக வேண்டும் என்று ஓர் அம்புக்குறி காட்டும். அதை வேறு யாரோ போட்டு வைத்திருக்கிறார்கள். வெளியில் அதை நாமேதான் போட வேண்டும். நான் மூட்டை தூக்கிய காலமெல்லாம் அம்புக்குறி இல்லாமல் இருந்தேன். ஆசை இருந்தது, ஆனால் ஆசைக்கும் அம்புக்குறிக்கும் வித்தியாசம் இருக்கிறது. இன்றைக்கு எதைச் செய்ய வேண்டும் என்று அம்புக்குறி காட்டும். ஆசை காட்டாது.

மூன்றாம் தடவை மழை தூறிக்கொண்டிருந்தது. வளைவு, நிறுத்தம், கம்பம். ஒவ்வொன்றும் வரும்போது அதை மட்டும் செய்தேன். அடுத்தது பூட்டியிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் ஆபீசர் தாளில் கையெழுத்துப் போட்டு, "ஹரி, யன்ன" என்றார். சரி, போ என்று அர்த்தம். எனக்குப் போகத் தோன்றவில்லை. அவர் இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டியதாயிற்று.

தீபாவளி முடிந்த வாரத்தில் லொறிச் சாவியைத் துரை என் கையில் கொடுத்தார். முதல் நாள் காலைக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது கோயில் வளைவில் என் பிள்ளைகள் இரண்டு பேரும் ஸ்கூல் உடுப்போடு நின்றார்கள். நான் வருவதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக பஸ்ஸுக்குப் போகாமல் காத்திருக்கிறார்கள். இறக்கம், பாரம், ஈரமான ரோடு. நான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. போய்விட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சின்னவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"கை காட்டினோம். நீங்க பாக்கவே இல்ல."

"பாத்தேன்."

"பொய்."

"ஒன் எடது சப்பாத்து நாடா அவுந்து கெடந்துச்சு. அக்கா ஒன் பையப் புடிச்சு இழுத்துக்கிட்டு நின்னா. ஒன் வாயில பிஸ்கட் இருந்துச்சு."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அப்ப ஏன் சிரிக்கல?"

"சிரிச்சேன்டா. நீதான் என் மூஞ்சியப் பாக்காம டயரப் பாத்துக்கிட்டு நின்ன."