விசாரணைக்குக் கொண்டுபோன பட்டமளிப்புப் படம்

இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் என்று சட்டம் எங்கள் குடியுரிமையைப் பறித்திருந்தது. 1951இல் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மற்றவர்களைப் போல அப்பாவும் இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டார். அடுத்த ஆண்டு ஜூனில் என்னைத் திருச்சிக்குக் கல்லூரியில் படிக்க அனுப்பினார். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் தோன்றவில்லை. படித்துத் திரும்பினால் அரசாங்க வாத்தியார் வேலை கிடைக்கும், லயத்தை விட்டு வெளியேறலாம் என்று நம்பினோம். பசுவும் அம்மாவின் தோடும் போயின. மீதிக்கு ஹட்டன் கடைக்காரரிடம் கடன். அவர் மூலமாகத்தான் மாதாமாதம் எனக்குப் பணம் வந்தது.

1956 ஜூலையில் பி.ஏ. பட்டத்தோடு திரும்பினேன். கறுப்பு அங்கியோடு எடுத்த படத்தை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். அதைப் பார்த்த, தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை, "வக்கீலு மாதிரியில்ல இருக்கு. இனி நம்மளயெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?" என்றார்.

வேலைக்குக் குடியுரிமைச் சான்றிதழ் கேட்டார்கள். எங்கள் மனு 1957 மார்ச்சில்தான் நுவரெலியாவில் விசாரணைக்கு வந்தது. புறப்படும்போது நான்தான் சொன்னேன்: "அப்பா, படத்தையும் எடுத்துக்குங்க. நாம யாருன்னு தெரியட்டும்."

அதிகாரி படத்தை வாங்கிப் பார்த்து, எங்கே எடுத்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அப்பாவிடம் திரும்புவதற்குள் நானே ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். திருச்சியில், நான்கு ஆண்டுகள். செலவுக்கு? அப்பா மாதந்தோறும் அனுப்பினார். என் ஆங்கிலம் நன்றாக இருப்பதாகச் சொல்லி, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அப்பா, "நல்லா பேசுன தம்பி. தொர சிரிச்சாரே, பாத்தியா?" என்றார்.

நான்கு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மகனை இந்தியாவில் படிக்கவைத்து, அங்கே பணமும் அனுப்பியவருக்கு இந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் எண்ணம் இல்லை, மனு தள்ளுபடி. நான்தான் தமிழில் சொன்னேன். அப்பா இந்தத் தோட்டத்தில் பிறந்தவர். கடலைக்கூடப் பார்த்ததில்லை.

"நான் எங்கயும் போகலையே," என்றார். கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி, "நீ சொல்லலையா, நான் எங்கயும் போகலேன்னு?"

சிரித்துக்கொண்டே எழுதிய அதிகாரியை இன்றுவரை மன்னிக்கவில்லை. படித்தால் கரையேறலாம் என்று என்னை நம்பவைத்தவர்களையும்தான். ஆனால் அந்த அறையில் வாயைத் திறந்தவன் நான்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் சொற்பச் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். கடன் குறையவில்லை. அடுத்த ஜனவரியில் பதின்மூன்று வயதுத் தங்கைக்கு ஹட்டன் பள்ளியில் இடம் கிடைத்தது.

"புள்ளைக்கு எடம் குடுத்திருக்காங்க," என்றாள் அம்மா.

"ஒருத்தன் படிச்சதுக்கே நாடு போச்சு," என்றார் அப்பா. "அவளுக்குக் கொழுந்தெடுக்கப் பேர் பதிஞ்சிருவோம்."

தங்கை என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கண்ணே. படிச்சவங்க நீங்கதானே."

"இந்த வருஷம் போகட்டும்," என்றேன்.

பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, கணக்கப்பிள்ளை அவள் பெயரையும் கூப்பிட்டார்.