மூன்றாவது விசில்

நேற்று திருப்பாதிரிப்புலியூரில் ஒரு செல்போன் கடையில் மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றிக்கொண்டேன். இன்று காலை சிதம்பரம் பஸ்ஸில் கேட்டுக்கொண்டே போனால், சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே நான் கேட்காத ஒரு கிட்டார்.

குரல் இல்லை, தாளம் இல்லை. வெறும் கிட்டார்தான். அதிகம் பேர் அறியாத கிட்டார்காரர்களை யூடியூபில் தேடித் தேடிக் கேட்பவன் நான். யாரோ ஸ்பெயின்காரர் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்போது குக்கர் விசிலடித்தது.

கிட்டார் நின்றது. "ஒண்ணு" என்றது ஒரு பெண் குரல். பிறகு விட்ட இடத்திலிருந்து, மயிரிழை பிசகாமல், வாசிப்பு தொடர்ந்தது. பஸ்ஸிலேயே எனக்குப் புல்லரித்துவிட்டது.

சாயங்காலம் நேரே கடைக்குப் போனேன். "யாருண்ணே இது?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "எங்க வூட்டுக்காரம்மாதான், தம்பி. சர்ச்சுல வாசிப்பாங்க. சோறு வேகறப்ப வாசிக்கிறத நான் செல்லுல புடிச்சி வெப்பேன். கார்டுல எடம் மிச்சமிருந்தா போட்டு வுடுறது. அவுங்களுக்குத் தெரியாது. அழிச்சிடட்டுமா?"

"அழிக்கிறதா? இருக்கிறதெல்லாம் போடுங்கண்ணே!"

"இதுவரைக்கும் வந்தவங்கெல்லாம் அழிக்கச் சொல்லித்தான் வந்தாங்க" என்றவர், காத்திருந்த மற்றவர்களை விட்டுவிட்டு என் கார்டை வாங்கினார்.

ஒன்பது கிடைத்தன. எல்லாமே அற்புதம். ஆனால் ஒன்பதாவதில், மூன்றாவது விசிலுக்கு அடுப்பை அணைக்க எழுந்து போனவர் திரும்பி வரவேயில்லை.

அவர்கள் வீட்டில் சாப்பிட்டே முடித்திருப்பார்கள். நான் இன்னும் காத்திருக்கிறேன். அந்தக் கடையில் கார்டு நிரப்பியவர்கள் யாரிடமாவது அந்த வாசிப்பின் மீதி இருக்கிறதா?